ஐந்தாவது பாயிண்ட்

ஒன்பதாம் வகுப்பில் எச்.ஐ.வி. பாடத்தை எங்கள் டீச்சர் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் நடத்தினார். படிப்பதோ பெண்கள் பள்ளி. ஒட்டுக்கேட்க அங்கே கடல்காற்றை விட்டால் ஆளில்லை. பரவும் வழிகளில் முதல் பாயிண்டை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலை நிமிராமல் இரண்டாவதுக்குத் தாவிவிட்டார். மற்றதையெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். மறுநாள் டெஸ்ட்.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டில், படித்ததைச் சித்தியிடம் ஒப்பித்தால்தான் சோறு. சித்தப்பா இறந்த பிறகு சித்தி எங்களோடுதான் இருந்தாள். அப்போது வயிற்றில் பிள்ளை. அது தங்கவில்லை என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். சித்தப்பா அந்த நோயைச் சித்திக்கும் கொடுத்துவிட்டுப் போனதும், பிள்ளைக்கும் வந்துவிடுமென்று பயந்து அம்மாதான் அவளை எங்கோ கூட்டிப்போய்க் கலைத்துவிட்டு வந்ததும், நான் காலேஜ் போன பிறகு தெரிந்த சங்கதி. பெரிய ஆஸ்பத்திரியில் அம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று கேட்காமலே இருந்துவிட்டாள்.

அன்று சித்தி மீன் விற்றுவிட்டு வந்து, கை கழுவி, நோட்டை வாங்கிக்கொண்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது என்று மடமடவென ஒப்பித்தேன். ஐந்தாவது பாயிண்ட் வந்தது.

"கர்ப்பிணித் தாய் டாக்டர் சொல்படி மாத்திரை சாப்பிட்டு வந்தால், குழந்தைக்கு நோய் வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்."

"இன்னொரு தபா சொல்லு கண்ணு."

சொன்னேன்.

"அந்த மாத்திரை இப்பதான் வந்துகீதா?"

"இல்ல சித்தி, ரொம்ப வருசமா கீதாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சும்மாவே தராங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

சித்தி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள். "அக்கா, கேட்டுக்கினியா?"

கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா சொன்னாள்: "எனக்கு அப்ப யாருமே சொல்லலியேடி."

சித்தி நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நோட்டைப் பிரித்து, ஐந்தாவது பாயிண்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. என்மேல் குற்றமில்லை என்ற நிம்மதியில், நானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.