பேச்சிப்பாறை நடுத்தண்ணீரில் நின்ற மகள்

சகோதர சகோதரிகளே, என் மகள் ஜெனி தண்ணீருக்குள் விழுந்த நேரத்தில் நான் கண்களை மூடியிருந்தேன். ஜெபத்துக்காக மூடிய கண்கள்.

2012 மே மாதம். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதற்காக, பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புக்குப் போயிருந்தோம். மதியம் வள்ளத்தில் திரும்பினோம். துடுப்புப் போட்டவர் மாதேவன் காணி. எங்கள் சபை ஊழியரான உபதேசியாரும் நானும் பதினாறு வயது ஜெனியும் இருந்தோம். அவளுக்கு நீந்தத் தெரியாது. எனக்கும்தான். சுற்றிலும் மலை. தண்ணீருக்குள்ளும் மலை.

"எம்மா, இங்கயே இருந்துரலாமா?" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, மலை கறுத்தது. கோடைக்காற்று இறங்கி வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. துடுப்புக்கு அடங்கவில்லை. "ஆண்டவரே, காற்றை நிறுத்தும், இப்போதே நிறுத்தும்" என்று கதறினேன். நிற்கவில்லை. கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

உபதேசியார் சபையில் சொல்லிப் பழகிய வாயால், "எல்லாரும் எழும்பி நின்னு ஜெபிப்போம்" என்றார். நாங்களும் பழகிய கால்களால் எழும்பிவிட்டோம்!

"இரிங்க! இரிந்து சொன்னா ஒங்க சாமிக்குக் கேக்காதா?" என்று காணி அலறினார். வள்ளம் சாய்ந்தது. கண்ணைத் திறந்தேன். ஜெனி இருந்த இடம் காலி.

ஜெபம் வரவில்லை. "இயேசுவே" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

தண்ணீருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. பிறகு தோள். பிறகு இடுப்பு. அத்தனை பெரிய அணையின் நடுவில் என் பிள்ளை நிற்கிறாள்!

"எம்மா, காலு தட்டுது! நான் நிக்கேன்!"

"மக்களே, அனங்காத நில்லு" என்று காணி அவளிடம் துடுப்பை நீட்டினார். அதைப் பிடித்து ஏறி வந்தாள்.

கரை சேர்ந்த பிறகுதான் காணி விஷயத்தைச் சொன்னார். ராஜா காலத்தில் அணை கட்டியபோது ஒரு காடே மூழ்கியதாம். அதில் ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டைமேல்தான் அவள் நின்றிருக்கிறாள்.

"அதுல முட்டாம நாங்க ஒதுங்கியாக்கும் போவோம் டீச்சரே. காத்துதான் நம்மள அங்க கொண்டு போட்டுது."

நான் கேட்ட இடத்தில் காற்று நின்றிருந்தால்? நன்றி சொல்லவும் நாங்கள் எழும்பித்தானே நின்றிருப்போம், ஆழத்தின்மேல்! அங்கே அவள் காலுக்கு மரம் ஏது? நான் பிறப்பதற்கு முன்பே ஆண்டவர் தண்ணீருக்கடியில் ஒரு மரத்தை என் பிள்ளைக்காக வைத்திருந்தார்.

ஜெனி இப்போது வெளியூரில் நர்சாக வேலை பார்க்கிறாள். அவள் போன் எடுக்கத் தாமதித்தால் இன்றும் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருப்பேன். ஆனால் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். "என் பிள்ளையோடு இரும்" என்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைகளை நினைத்துக் கலங்கும் பெற்றோரே, நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். நிற்காத காற்றும் அவர் கையில்தான் இருக்கிறது.