மிச்ச ரீல்

எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு படம் முடியாமலே முடிந்தது. அதற்காக என் தாய்மாமாவை அடிக்கப் போனார்கள்.

மாமா அங்கே ஆபரேட்டர். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். படம் எங்கிருந்தோ வந்த ஒரு டப்பிங் படம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஓட்டக்காரர்கள். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், வளர வளர ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. கடைசியில் பெரிய பந்தயம். அண்ணன் முன்னால் ஓடுகிறான், தம்பி இரண்டடி பின்னால். கோட்டைத் தொட நாலு எட்டு இருக்கும்போது அண்ணன் கால் இடறிக் குப்புற விழுகிறான். தம்பி குனிந்து பார்க்கிறான். அவனுடைய வலது கால் அந்தரத்தில் இருக்கிறது. அந்தக் கால் அண்ணனைத் தாண்டப் போகிறதா, அண்ணனுக்குப் பக்கத்தில் ஊன்றப் போகிறதா என்று தெரிவதற்குள் படம் அப்படியே அசையாமல் நின்றது. பிறகு திரை வெள்ளையாகிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மிச்சப் படம் வரும் என்று யாரும் எழுந்திருக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் படம் எடுத்தவனைத் திட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் படம் ஓட்டியவனைத் திட்டினார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. முதல் ஆட்டத்துக்குப் படம் நீளமாக வந்துவிட்டால், பசுவந்தனை கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக மாமா ஒரு பாட்டையோ ஒரு அழுகையையோ விட்டுவிட்டு ஓட்டுவார். ஜனங்களே கேட்டுக்கொண்டு செய்ததுதான். ஒரு படத்தில் கதாநாயகிக்குக் கல்யாணமே நடக்காமல் குழந்தை பிறந்துவிட்டது. அப்போதுகூட யாரும் கோபப்படவில்லை, பஸ் கிடைத்துவிட்டது. ஆனால் இது மதிய ஆட்டம். எந்த பஸ்ஸுக்கும் அவசரமில்லை.

“ஏலே ஆபரேட்டரு, மிச்ச ரீல எங்கனலே வச்சிருக்க?” என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பி மேலே சுவரில் இருந்த சின்ன ஓட்டையைப் பார்த்தார்கள். மாமா வெறும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. திருடன் தன் பையை வெளியே இழுத்துக் காட்டுவது மாதிரிதான் அது இருந்தது. யாரோ சட்டையைப் பிடித்தார்கள். மேனேஜர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

நானும் அக்காவும் பெண்கள் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்கு அடி விழுமோ என்று நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் பயமெல்லாம் அந்தத் தம்பியின் காலைப் பற்றியது.

எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. அக்காவுக்கு எட்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பந்தயம், எண்ணூறு மீட்டர். தூத்துக்குடியில் நடக்கப்போகும் மாவட்டப் போட்டிக்கு எண்ணூறுக்கு ஒருத்தியைத்தான் கூட்டிப் போவேன் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். சாயங்காலமானால் இரண்டு பெண்களும் ஓடப் போய்விடுகிறோம், பெட்டி ஒட்ட ஆளில்லை. “ஜெயிச்சவ ஓடட்டும். மத்தவ வீட்டோட இருந்து அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணட்டும். இனிமே அப்படித்தான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, மோர் ஊற்றச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அதனால்தான் அது மாறாது என்று எங்களுக்குத் தெரிந்தது.

தெருவில் எல்லோருக்கும் அக்காதான் ஓட்டக்காரி. இரண்டு வருஷமாக அவள்தான் முதல், நான் அவளுக்கு வால். எனக்கு ஓடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கையை எப்படி வீச வேண்டும், எங்கே மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், என்ன ஆனாலும் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கக் கூடாது, எல்லாம். ஆனால் அந்த ஆனி மாதத்திலிருந்து எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. காலையில் பருத்திக்காட்டை ஒட்டிய வண்டிப்பாதையில் அவள் பின்னால் ஓடும்போது, அவளைத் தாண்ட என்னால் முடியும். சந்தேகமே இல்லாமல் முடியும். நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஜெயித்தால் அக்காவின் ஓட்டம் நின்றுபோகும். விட்டுக்கொடுத்தால் என்னுடையது நின்றுபோகும். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டும் வேண்டாம் என்றுதான் அழுதிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு நோட்டில் தமிழ்ப் பாடத்தை எழுதி அடி வாங்கினேன். அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிற பந்தயம் வியாழக்கிழமை, நாங்கள் படம் பார்த்தது அதற்கு முந்தின சனிக்கிழமை. இப்படித் தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, அதே தவிப்பில் இருக்கிற ஒருவன் திரையில் வந்து, காலைத் தூக்கி, கீழே வைக்காமலே போய்விட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அந்த மிச்ச ரீல் வேண்டும். அதில் அவன் என்ன செய்தானோ அதையே நானும் செய்துவிட்டுப் போகிறேன்.

அம்மாவும் மாமாவை நம்பவில்லை. “ஏலே, எங்கிட்ட மட்டும் சொல்லு. வெட்டுனியா, இல்லியா?”

“எக்கா, படமே அம்புட்டுத்தான். எடுத்தவன் அப்படி எடுத்து வச்சிருக்கான். நான் என்ன செய்ய?”

முடிக்காமல் எவனாவது படம் எடுப்பானா என்று அம்மா கேட்டாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டீக்கடையிலும் அவருக்கு இதே விசாரணைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குழாயடியில் சவரம் செய்துகொண்டிருந்தபோது போய்ப் பிடித்துக்கொண்டேன். ரீல் இல்லை என்றார். நான் போகவில்லை. சத்தியமாக இல்லை என்றார். நான் அழ ஆரம்பித்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சுற்றும் முற்றும் பார்த்தார். “சரி, யார்ட்டயும் சொல்லிராத. தம்பி தாண்டிப் போயிட்டான். அண்ணனே கீழ கெடந்துக்கிட்டு ‘போலே, நிக்காத’ன்னு கத்துனான். போதுமா?”

போதும் என்றுதான் இருந்தது. அன்று மூன்று தோசை சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வண்டிப்பாதையில் போகும்போது அக்கா ஒரு ரகசியம் சொன்னாள். தம்பி நின்று அண்ணனைத் தூக்கிவிட்டானாம். தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனானாம். மாமாவே சொன்னாராம், யாரிடமும் சொல்லக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ பொய் சொல்கிறாய் என்றேன். நீதான் பொய் என்றாள். அங்கேயே சண்டை. அக்காவும் தனியாகப் போய் மாமாவிடம் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்குப் புதிது. எப்போதும் ஜெயிக்கிறவளுக்கு அந்த முடிவு எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு பேருமாகப் போய் மாமாவை நிறுத்திக் கேட்டோம். அவர் முதலில் சிரித்தார். “யார் யாருக்கு எது வேணுமோ அதச் சொன்னேன். இதுல என்ன தப்பு?” பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, முருகன் படத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மிச்ச ரீல் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்போதுதான் நம்பினேன். நம்பியதும் பழைய பயம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு நானும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. செவ்வாயும் புதனும் ஒருத்தி வடக்கே ஓடினால் இன்னொருத்தி தெற்கே ஓடினாள்.

வியாழக்கிழமை ஆவணிக் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. பள்ளிக்கூட மைதானம் கரிசல். வெடித்துக் கிடந்த இடங்களில் மணலைக் கொட்டி மிதித்து வைத்திருந்தார்கள். எட்டுப் பேர் ஓடினோம், மைதானத்தைச் சுற்றி நாலு சுற்று. முதல் இரண்டு சுற்றும் எனக்கு ஞாபகமில்லை. மூன்றாவதில் முன்னால் அக்கா, அடுத்து நான். வெகுதூரம் பின்னால், கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு நெட்டைப் பெண். அவள் எப்போதும் மூன்றாவதாக வருவாள். அவளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசி வளைவில் என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அக்காவின் தோளுக்குச் சரியாக வந்துவிட்டேன். இன்னும் ஒரு அடி வைத்தால் முன்னால் போய்விடுவேன். அப்போது அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கவே கூடாது என்று சொன்ன அவளே பார்த்தாள். அவள் வேகம் குறைந்தது. நானும் குறைத்தேன். அவள் இன்னும் குறைத்தாள். கயிற்றுக்குப் பத்தடி இருக்கும்போது, நீங்க முதல்ல போங்க, இல்லல்ல நீங்க போங்க என்று வாசலில் நிற்கிற சம்பந்திகள் மாதிரி, இரண்டு பேரும் கிட்டத்தட்ட நின்றேவிட்டோம். இடது பக்கமாக ஏதோ ஒன்று விர்ரென்று போயிற்று. நெட்டைப் பெண். கயிறு அவள் நெஞ்சில் இருந்தது. தான் ஜெயித்ததை அவளே நம்பாமல் இன்னும் அரைச் சுற்று ஓடினாள்.

பி.டி. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். “ஏட்டி, என்ன ரெண்டு பேரும் வெளையாடுதீங்களா?” என்றார். எங்கள் இருவரில் யார் இரண்டாவது என்றுகூட அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வீட்டுக்கு நடந்தோம். ஜெயித்தவள் ஓடட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது வீட்டில் ஜெயித்தவளே இல்லை. அப்படியானால் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிடுவார். வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அக்கா என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மாமா உற்சாகமாக வந்தார். எங்கள் ஊரில் ஓடாது என்று எடுத்துவிட்ட அந்தப் படப்பெட்டி கடம்பூர்ப் பக்கம் ஒரு கொட்டகைக்குப் போயிருந்ததாம். அங்கேயும் அதே இடத்தில் நின்று, அங்கேயும் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். “நான் யோக்கியன்னு இப்பவாச்சும் நம்புதீங்களா?” என்று கேட்டு, கடம்பூர் போளிப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்தார். சரியாக அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, யார் ஜெயித்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். “வேற பிள்ள ஜெயிச்சிட்டாப்பா. ஆனா இவதான் எனக்கு முன்னால போனா. வயித்தப் புடிச்சிக்கிட்டதுல நின்னுட்டா. இல்லன்னா இவதான் பர்ஸ்ட்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, பேசிய முதல் பேச்சிலேயே என்மேல் பழி போடுகிறாள். நான் என்ன, ஓட மாட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நோஞ்சானா? அதுவும் மாமா முன்னால். “பொய்ப்பா!” என்று கத்தினேன். “எனக்கு வயிறும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. அவதான் மொதல்ல நின்னா. அவ நின்னதாலதான் நானும் நின்னேன்.”

அப்பா அக்காவைப் பார்த்தார். “நெசமா? நீயா நின்னியா?”

அக்கா என்னைப் பார்த்தாள். மைதானத்தில் பார்த்தது மாதிரியே பார்த்தாள். நான் முறைத்துக்கொண்டு நின்றேன்.

“ஆமாப்பா” என்றாள்.

“நிக்கிறதுக்கு எதுக்கு ஓடப் போகணும்? நாளையிலருந்து அம்மாகூட உக்காரு” என்று அப்பா சொன்னார். என் பக்கம் திரும்பி, “நீ அடுத்த வருசமாவது ஒழுங்கா ஓடு” என்றார். அவ்வளவுதான். கைகால் கழுவப் போய்விட்டார்.

ஒரு மாதமாக என்னைச் சோறு தின்ன விடாமல் அடித்த கேள்வி அங்கே, அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. எனக்கு அது தெரியவில்லை. அக்கா எனக்காக நின்றாளா, மூச்சு வாங்கி நின்றாளா என்பது இன்று வரைக்கும் தெரியாது. எப்போது கேட்டாலும், அவள் பேரப்பிள்ளையைப் பற்றி ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவாள். என் வயிற்றுவலியை எதற்காக அவள் இட்டுக்கட்டினாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அதற்கு எனக்குப் பல வருஷம் பிடித்தது. அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், அக்கா பொய் சொன்னாள், மாட்டிக்கொண்டாள், நான் உண்மையைச் சொன்னேன் என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டு போளி வைத்தாள். நாளையிலிருந்து என்று சொன்ன வேலையை அக்கா அப்போதே தொடங்கிவிட்டாள். பசைக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். போளி வேண்டாம் என்றாள். மாமா கெஞ்சிப் பார்த்தார், அம்மா திட்டிப் பார்த்தாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் வயிற்றுக்கு ஒன்றும் இல்லையே. அவளுடைய இரண்டையும் சேர்த்து நான்கையும் நானே தின்றேன்.