கேட்காரரின் டூட்டி

அந்தப் பச்சைக் கொடியில் ஒரு மூலை மட்டும் வேறு பச்சை. காற்றில் அடிபட்டுக் கிழிந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஒட்டு. மகளின் பழைய பாவாடையிலிருந்து வெட்டி, கேட்காரரின் மனைவி தைத்தது. கொடித்துணி வெயிலில் வெளுத்துவிட்டது. பாவாடைத் துண்டு வெளுக்கவில்லை.

ஐம்பதுகளில் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சிறிய ரயில் நிலையத்தில் நான் குமாஸ்தா. பத்திரிகை வேலைக்குப் போனது பிறகு. எலப்புள்ளிக்குப் போகும் வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவருடைய கேட். அதை ஒட்டி ஒற்றை அறை வீடு, சுற்றிலும் பனைகள், தூரத்தில் வாளையாற்று மலை. இடம் போதாமல் மனைவியும் மகளும் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு வடக்கே அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அவர் தினமும் முகம் பார்த்தவர்கள் ரயில் கார்டுகள்தான். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கொடி அசையும், கேட்டிலிருந்து இவர் கொடி பதில் சொல்லும். அந்தக் கார்டுகளில் ஒருவருக்கும் இவர் பெயர் தெரியாது.

அவர் வாயில் அதிகம் வந்த ஆங்கிலச் சொல் டூட்டி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் வேலை என்பதோடு நின்றுவிடவில்லை. காக்கிச் சட்டையைத் துவைக்க, "டூட்டியைக் கழட்டிக் குடுங்க" என்பார் அவர் மனைவி. மாற்று ஆள் வந்து சேர்ந்தால் "டூட்டி வந்தாச்சு." பாலக்காட்டுப் புகையிலை வியாபாரி ராவுத்தர் சர்க்காருக்குக் கட்டிய வரியும் டூட்டி. போடிமெட்டுப் பக்கம் தேயிலை ஃபாக்டரியில் இருந்த என் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, "தம்பிக்கு டூட்டி நிக்குமா?" என்று கேட்டார்கள். வேலை நிரந்தரமா என்று அர்த்தம். கேட்காரரிடம் சௌக்கியமா என்று கேட்டால், "டூட்டியில இருக்கனுங்க" என்பார். அதற்குமேல் தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளுக்குப் பெருமாட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் வழக்கப்படி தாலி கட்டு மாப்பிள்ளை வீட்டில். பெண்ணைப் பெற்றவர் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்காக லீவு கேட்டார், கிடைத்தது. ஆனால் மாற்று ஆள் கைக்குச் சாவியைக் கொடுக்காமல் கேட்டை விட்டு நகரக் கூடாது. ஜங்ஷனிலிருந்து முன்தினம் மாலையே வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

கேட்காரரின் அண்ணன் வீட்டிலிருந்து புறப்பட்ட கல்யாண மாட்டுவண்டிகளுக்கு இது தெரியாது. நான் இரண்டாவது வண்டியில் இருந்தேன். முதல் வண்டியில் பெண்ணுக்குப் பக்கத்தில், அவர் கேட்டில் ஏறிக்கொள்வார் என்று இடம் விட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் கேட் பூட்டியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் டூட்டிச் சட்டையில் நின்றிருந்தார். பாலக்காட்டிலிருந்து கூட்ஸ் ரயில் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி. ஏற்றத்தில் ஆவி பத்தாமல் எங்கோ திணறிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கேட்காரரின் மைத்துனர் இறங்கிப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மச்சான், சொந்தப் புள்ளை கல்யாணத்துக்குமா கேட்டு?"

"வண்டி வருதுங்க மாப்ளே."

"எங்கீங்க வருது? ஒரு சத்தத்தையும் காணோம். தொறந்து உட்டீங்கன்னா நாங்க தாண்டிருவோம்."

"வருதுங்க."

வண்டிக்குள்ளிருந்து மனைவியின் குரல்: "அவருகிட்ட எதுக்குத் தம்பி வாயைக் குடுக்கறே? என்னைக் கட்டறதுக்கு முந்தியே டூட்டியைக் கட்டிக்கிட்ட மனுசன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். பிறகு தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்: "அப்பா, நீங்க ஏறலீங்களா?"

"டூட்டி வரலை கண்ணு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெண் இறங்கப் பார்த்தாள். மணப்பெண் நடுவழியில் இறங்கக் கூடாது என்று பெரியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். கூட்ஸ் வந்தது. நீளமான வண்டி, மெதுவாகப் போனது. அது போய் முடியும்வரை அந்தப் பக்கம் நின்றவரை எங்களால் பார்க்க முடியவில்லை.

கேட் திறந்ததும் முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று மாடுகளை விரட்டினார்கள். காலியாக இருந்த இடத்தில் கேட்காரரின் அண்ணன் ஏறிக்கொண்டார். எங்கள் வண்டி கடந்தபோது கேட்காரரைப் பார்த்தேன். பச்சைக் கொடி விரித்தபடியே இருந்தது. மாட்டுவண்டிக்கு யாரும் கொடி காட்டுவதில்லை. கூட்ஸுக்குப் பிடித்ததைச் சுருட்ட மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. கடைசி வண்டி பனைகளுக்குள் திரும்பும்வரை கொடி தாழவில்லை. பெருமாட்டியில் தாரை வார்த்தது அண்ணன்.

இப்போது அங்கே மேம்பாலம். சமீபத்தில் ரயிலில் போனபோது ஜன்னலோரம் காத்திருந்தேன். இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பத்திரிகையில் நானும் வருஷக்கணக்கில் நைட் டூட்டி பார்த்தவன். வீட்டு விசேஷங்கள் பலவற்றை மறுநாள் மிச்சப் பலகாரமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து சில வருஷம் கழித்துக் கேட்காரர் ஓய்வு பெற்றார். விளக்கு, விசில், சாவி, கொடிகள் எல்லாவற்றையும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாங்கி வைப்பது என் வேலை. பச்சைக் கொடி முறை வந்ததும் என்னிடம் பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒட்டின் தையலை அவசரமில்லாமல் பிரித்தார். துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கொடி ரயில்வேயோடதுங்க. இது எங்க ஊட்டுது."

மூலையில் ஓட்டையோடு கொடியை வாங்கி வைத்தேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். அந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு ரயிலின் நேரமும் அவருக்கு மனப்பாடம்.

"ஏனுங்க," என்றார், "பெருமாட்டிக்குப் பஸ் எத்தனை மணிக்குங்க?"