புளியம்பலகைக்குள் ஓர் ஆணி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ரவுட்டர் மெஷினை வைத்து என்னைப்போல் மரத்தில் பள்ளம் இழுக்க ஆளில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? விஷயம் ஒன்றுதான்: ஆழத்தை ஒரே இழுப்பில் எடுக்கக் கூடாது. பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கி, முதலில் நகக்கண் அளவு. பிறகு மரத்தைக் குடையும் பிட்டைக் கொஞ்சம் இறக்கி, இன்னொரு இழுப்பு. அவசரக்காரன் ஒரேயடியாக இறக்குவான். மரம் கருகும், ஓரம் பிய்யும், மெஷின் கையை உதறும். எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிய ஒரு பெண் சாப்பாட்டு மேஜை கேட்டிருந்தாள். அச்சரப்பாக்கம் பக்கம் அவள் ஊர். அங்கே ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளியமரம். எங்கள் ஊர் மரம் என்று ஆசைப்பட்டு மில்லில் வாங்கிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் அம்மாவோடு செய்யூரிலிருக்கும் என் பட்டறைக்குப் பார்க்க வந்தாள். மேஜை ஓரம் சுற்றிலும் பள்ளம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இழுப்பு வெண்ணெய் மாதிரிப் போனது. மூன்றாவதில், மூலைக்குப் பக்கத்தில், மெஷினின் குரல் மாறியது. உள்ளே யாரோ பல்லைக் கடித்த மாதிரி. நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உளியால் சுரண்டினேன். ஆழமாக இறக்கியிருந்தால் பிட் உடைந்து கண்ணுக்கு வந்திருக்கும். துருப்பிடித்த ஓர் ஆணித்தலை. அதைச் சுற்றி முடி. ஆணி அரித்திருந்தது, முடி மட்டும் இன்றைக்கு எண்ணெய் வைத்ததுபோல் கருப்பாக இருந்தது.

"நம்ம ஊரு எல்லைப் புளியமரமா இது?" என்று கேட்டு அந்தம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது வேறு குரலில் பேசினாளாம். பேயோட்டுகிறவர் அவள் உச்சிமுடியை ஆணியில் சுற்றி அந்த மரத்தில் அறைந்தாராம்.

மகள் சிரித்தாள். "அப்போ நான் இன்னாம்மா சொன்னேன்?"

"'இப்போ போறேன். ஒரு நாளு இவ வூட்டுலயே குந்திகினு சோறு துன்னுவேன்'னு சொன்ன."

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தோம்.

மகள் ஆணியை எடுக்கச் சொன்னாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம்பா. எம் பொண்ணு எனக்கு வேணும்." நான் எடுக்கவில்லை. ஆணிமேல் மரத்தூளும் பசையும் வைத்து மூடி, பள்ளத்தை இரண்டு பக்கமும் அதற்கு முன்னாலேயே நிறுத்தினேன். என் கையால் அறுந்த பள்ளம் அது ஒன்றுதான்.

மேஜையை அவள் ஃபிளாட்டில் இறக்கிக் கொஞ்ச நாள் கழித்து மகளே போன் செய்தாள். "அண்ணே, ஆணிய நானே புடுங்கிட்டேன். வந்து பள்ளத்தை முடிச்சுக் குடுங்க."

போனேன். வீட்டில் அவள் மட்டும்தான். மேஜை மூலையில், பசை பெயர்ந்த ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு தட்டில் சூடான சோறு. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. கிளாம்ப் போடத் தட்டை நகர்த்தக் கை நீட்டினேன்.

"கைய வெக்காத. துன்னுகினு கீது." அவள் வாய்தான் அசைந்தது.

மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தம்மாவுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. குரல் மாறினால் என் காதுக்குத் தெரியும்.