சிக்னல் போகாத பெட்டி

பழைய அலமாரி வாங்கப் போகிறவர்கள் தேக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள், பித்தளைக் கீலைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அழகான மரச்சாமான் வேண்டுமென்று நான் அலையவில்லை. கரண்ட் இல்லாமல் குளிர் நிற்கிற ஒரு பெட்டி வேண்டும்.

என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டாக வேண்டும், அந்த மருந்து குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். யாங்கோனில் கரண்ட் நினைத்தபோது வருகிறது, நினைத்தபோது போகிறது. எங்கள் ஃப்ரிட்ஜில் இப்போது தட்டு அடுக்கி வைத்திருக்கிறோம். பேட்டரி வாங்கினோம், அதில் சார்ஜ் ஏறவாவது கரண்ட் வர வேண்டாமா? கடைசியில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தோம். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், வெயிலில் அந்த ஐஸ் மதியத்துக்குள் வெந்நீராகி, மருந்துக் குப்பிகள் மிதந்திருக்கின்றன. பார்வைக்கு மருந்து எப்போதும்போல் தெளிவாகத்தான் இருந்தது. சூட்டில் கெட்டுவிட்டது தெரியாமல் அதையே போட்டோம். ஒரு காலையில் அவளை எழுப்பினேன். கண் திறந்தாள், என்னை யாரென்று தெரியவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டாள். ஆனால் இன்றைக்கும் கூப்பிட்ட குரலுக்கு அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடுகிறேன்.

ஏதோ ஒரு காஃபிக் கடையின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள். "அப்பா, இந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாமாம். மேல் தட்டில ஐஸ், கீழ சாமான். வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி."

தேடப் புறப்பட்டேன். லான்மடா வட்டாரத்தில் ஒவ்வொரு பழைய சாமான் கடையிலும் பழைய 'யேகே தித்தா' இருக்கிறதா என்று பர்மிய மொழியில் கேட்டேன். ஐஸ் பெட்டி என்றுதான் பொருள். எல்லோரும் உற்சாகமாக உள்ளே கூட்டிப் போய்ச் செத்துப்போன ஃப்ரிட்ஜுகளைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஃப்ரிட்ஜுக்கே பர்மாவில அதுதானேப்பா பேரு!" பிறந்த நாளிலிருந்து பேசுகிற மொழி. பதற்றத்தில் அதுகூட மறந்துபோயிருக்கிறது.

மறுநாள் தமிழ் பேசுகிற பாய் ஒருவரின் கடை கிடைத்தது.

"ஐஸ் பெட்டியா? காஃபிக் கடை போடுறீங்களா, தம்பி?" என்றார்.

"இல்ல பாய், வீட்டுக்கு."

முன்னால் நின்றதைக் காட்டினார். செதுக்கு வேலை, பித்தளைக் கைப்பிடி, கண்ணாடிபோல் பாலிஷ். "காஃபிக் கடைக்காரங்க இதைக் கண்டா விட மாட்டாங்க."

"அவங்க ஐஸ் வைப்பாங்களா?"

"மெனு கார்டு வைப்பாங்க."

மகளை வீடியோவில் அழைத்தேன். "என்னை உள்ளே வைச்சு மூடுப்பா, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். ஃபோனைத் தட்டில் நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

"அப்பா, சுத்தி வெளிச்சம் தெரியுது. கடையில பாய் பேசுறதும் கேக்குது. வேண்டாம்."

உள்ளே இருந்த தகட்டை உரித்துவிட்டுப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். குளிர் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. வேறு இல்லையா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஐஸ் பெட்டி எதற்கு என்பதையும் சொல்லிவிட்டேன். பாய் தாடியைச் சொறிந்தார்.

"பின்னால ஒண்ணு கிடக்கு. நான் பெயிண்ட் டப்பா வைச்சிருக்கேன். அதை வீட்டுக்குக் கொண்டு போனா, சம்சாரம் உங்களையும் சேர்த்து வெளிய நிறுத்திடும்."

அதில் பொய்யில்லை. யாரோ பச்சை பெயிண்ட் பூசியிருந்தார்கள், ஒரு காலுக்குப் பதிலாகச் செங்கல். டப்பாக்களை எடுத்ததும் உள்ளே மங்கலான துத்தநாகத் தகடு, ஒரு கிழிசல் இல்லாமல். அடியில் தண்ணீர் வடியும் குழாயும் இருந்தது. ஃபோனை வைத்து மூடினேன். கனமான கதவு, பொத்தென்று உட்கார்ந்தது.

"ஒண்ணுமே தெரியலப்பா, ஒரே இருட்..."

அத்தோடு குரல் நின்றது.

கூப்பிட்டேன். பெயர் சொல்லி, கதவில் வாய் வைத்துக் கூப்பிட்டேன். கைப்பிடியை இழுத்தேன், வரவில்லை. அது வெறும் ஃபோன் என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டில் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் நான் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தேன். பாய் என்னை நகர்த்திவிட்டுக் கைப்பிடியை மேலே தூக்கித் திறந்தார். திரையில் யாரும் இல்லை. திரும்ப அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

"அப்பா! நானும் உனக்குத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரும் போட்டா எப்படிக் கிடைக்கும்?" என்றாள். பிறகு, "சிக்னலே போகலைன்னா ஓட்டையே இல்லைன்னுதானே அர்த்தம்? இதையே வாங்கு" என்றாள். ஃபோனைப் பாயிடம் கொடுத்தேன். "அப்பா நல்லாத்தாம்மா இருக்காரு, கொஞ்சம் வேர்த்துடுச்சு" என்றார் அவர்.

இப்போது அது எங்கள் சமையலறையில் செங்கல்மேல் நிற்கிறது. காலையில் ஐஸ்காரர் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஐஸ்கட்டி கொண்டுவந்து போடுகிறார். ஐஸ் கம்பெனியில் டீசல் தீர்ந்தால் வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதனால் தெருமுனையில் அவர் மணி கேட்கும்வரை எனக்குத் தேநீர்கூட இறங்குவதில்லை.

மருந்து கீழ்த்தட்டில் எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. பக்கத்தில் வெப்பமானி. அதைப் பார்க்கத்தான் அடிக்கடி கதவைத் திறப்பேன்.

"திறந்து திறந்து பார்க்காதேப்பா. நீ பாக்கிறதிலேயே குளிர் போயிடும்."

அவள் சொல்வது சரி. அதனால் இப்போது திறப்பதில்லை. பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஐஸ் உருகி, அடியில் வைத்த அலுமினியத் தட்டில் சொட்டு விழுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்வரை உள்ளே ஐஸ் இருக்கிறது. அடுத்த சொட்டு கொஞ்சம் தாமதமானாலும் கை கைப்பிடிக்குப் போகிறது.