ஒத்தச்சொல் சார்

இரண்டு கைகளிலும் ரப்பர் கையுறையை மாட்டி, ஒவ்வொரு விரலையும் நுனிவரை இழுத்துவிட்ட பிறகுதான் அவர் விசைப்பலகைக்கு முன்னால் உட்காருகிறார். அறுவைசிகிச்சை நிபுணர் அல்லர். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் உள்ள கணினிப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர்.

"என்ன சார், ஆபரேஷனா?" என்றார் குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலி.

"உங்க கை எங்க தடுக்குதுன்னு பார்க்கறேன் சிஸ்டர். நீங்க கிளவுஸோட அடிக்கறத நான் வெறுங்கையால அடிச்சுப் பார்த்து என்ன பிரயோஜனம்?"

வார்டில் அவருக்கு 'ஒத்தச்சொல் சார்' என்று பெயர். யாரோ எழுதிய நிரலை, அதற்கு வேண்டிய துணைச் சாமான்களோடு ஒரே பொட்டலமாகக் கட்டுகிறார். கணினி கட்டளைகளைத் தேடிப் பார்க்கும் இடத்தில் அதற்கு ஒரு வாசல் வைக்கிறார். அதன்பின் யார், எந்தக் கோப்புறையில் இருந்தாலும், கருந்திரையில் ஒரு சொல்லை அடித்தால் நிரல் ஓடும். "பொட்டலம் எவன் வேணா கட்டுவான். கூப்பிட்டா அது எந்திரிச்சு வரணும்" என்பார். சுட்டியால் அமுக்கினால் போகிறது, சொல் எதற்கு என்று கேட்டேன். வார்டின் தள்ளுமேசையைக் காட்டினார். "மவுஸ உருட்ட இடம் எங்க இருக்கு? குழந்தை மேலதான் உருட்டணும்."

என் மனைவி அந்த வார்டின் மருந்தாளுநர். குழந்தையின் எடையையும், பிறந்து எத்தனை மணி நேரம் என்பதையும் கொடுத்தால், மருந்துநீர் மணிக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று சொல்லும் நிரலை அவள்தான் எழுதினாள். அது அவளுடைய கணினியில் மட்டுமே ஓடும். ஓட்டுவதற்கு ஐந்து வரிகள் அடிக்க வேண்டும். அவற்றைத் தன் கையால் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தாள். நான்கு மாதங்களுக்கு முன் அவள் இறந்துவிட்டாள். அணைத்தால் கடவுச்சொல் கேட்குமே என்று, அன்றிலிருந்து அந்தக் கணினியை யாரும் அணைக்கவில்லை.

இப்போது வார்டு முழுவதும் கணினிகளை மாற்றுகிறார்கள். புதியதில் அவள் நிரல் ஓடாவிட்டால் மறுபடி காகிதமும் கால்குலேட்டரும்தான் என்று தலைமைச் செவிலி சொல்லிவிட்டார். கடவுச்சொல்லுக்காக என்னை அழைத்தார்கள். சொல்லிவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். வேலை நடந்த மூன்று நாளும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் அந்த ஐந்து வரிகளை வாய்விட்டுப் படித்தார். "ஒழுங்கா எழுதியிருக்காங்க. ஆனா குழந்தை நீலம் பாரிச்சுக் கிடக்கும்போது அஞ்சு வரி அடிக்க முடியாது." நிரலைத் திறந்து அதனோடு சண்டைக்குப் போனார். "இங்க ஏன் இப்படிச் சுத்தி வர்றாங்க? ஓ... சரி சரி, அவங்க சொல்றதுதான் சரி." அவளைப் பற்றி அவர் இறந்தகாலத்தில் பேசி நான் கேட்கவில்லை.

அவருக்கு ஆகாத பேச்சு ஒன்று உண்டு. கூட வேலை பார்க்கும் பெண் என்றைக்காவது "என் மெஷின்ல ஓடுதே சார்" என்றால், "அப்போ உன் மெஷினையே தூக்கிட்டு வந்து வார்டுல வெச்சிடும்மா" என்பார். அதனால் ஒவ்வொரு கணினியிலும் எந்த உரிமையும், எந்தக் கோப்பும் இல்லாத ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைந்துதான் சோதிப்பார். அந்தப் பயனருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார். "வீட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒரு துரும்பையும் நகத்த மாட்டார். ஆனா கூப்பிட்ட குரலுக்கு எல்லாம் வந்து நிக்கணும்."

மூன்றாம் நாள், பழைய கணினியிலேயே பொட்டலம் கட்டி, அவள் பெயரில் நுழைந்தபடியே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். அந்தக் கணினியை வண்டியில் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். புதியதில் மாப்பிள்ளையாக நுழைந்து, நிரலைக் கூப்பிட அவர் வைத்த 'சொட்டு' என்ற சொல்லை அடித்தார். 'எடைப் பட்டியலைக் காணவில்லை' என்றது திரை. பட்டியல் என் மனைவியின் சொந்தக் கோப்புறையில் இருந்திருக்கிறது. பழைய கணினியில் அது பக்கத்திலேயே இருந்ததால் ஓடியது. பொட்டலத்துக்குள் வரவே இல்லை.

கூட வேலை பார்க்கும் பெண் விடவில்லை. "சார், உங்க மெஷின்ல ஓடிச்சு இல்ல?"

நாக்கைக் கடித்துக்கொண்டு, கையுறையோடு தாழ்வாரத்தில் ஓடினார். மின்தூக்கிக் கதவு பாதி மூடியிருந்தது. "அண்ணே, அத இறக்குங்க! உள்ள ஒரு சாமான் விட்டுப்போச்சு!"

"இப்பத்தான சார் ஏத்தச் சொன்னீங்க?" என்று முனகியபடியே இறக்கினார்கள். நடைபாதையிலேயே அதற்கு மின்சாரம் கொடுத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பட்டியலை எடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். பக்கவாட்டுக் காகிதத்தை ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி, கிழியாமல் உரித்து, என்னிடம் நீட்டினார்.

சோதனைக்கு அரை லிட்டர் உப்புநீர்ப் பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எடைக்கருவியில் துணி விரித்து அதைப் படுக்கவைத்தார். ஐந்நூற்று நாற்பது கிராம்.

"உங்க பிள்ளையா சார்?" என்றார் தலைமைச் செவிலி.

"தலைச்சன் சிஸ்டர். அம்மா ஜாடை."

புதிய கணினியில் மாப்பிள்ளை மறுபடி 'சொட்டு' என்று அடித்தார். நிரல் எழுந்து வந்தது. எடை கேட்டது, மணி கேட்டது. பிறகு, விடை சொல்வதற்கு முன்னால், அவள் எழுதி வைத்திருந்த அந்தக் கேள்வி வந்து நின்றது: 'எடையை இன்னொரு தடவை பார்த்தீங்களா?'

ஆம் என்று ஒரு விசையை அமுக்கினால் கணக்கு வந்துவிடும். "அமுக்குங்க சார், உப்புத்தண்ணிதானே" என்றாள் அந்தப் பெண்.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். எடைக்கருவியிலிருந்து பையை எடுத்து, சுருங்கியிருந்த துணியை நீவி, இரண்டு கைகளாலும் மெதுவாக அதை மறுபடி படுக்கவைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.