ஒலியமைப்புக்குக் கலைமதி எழுதிய பெயர்

கலைமதிக்கு வேலை திண்டிவனத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் சினிமா பேசப்போய், அதுவே அவளுக்கு ஒரு பேரை வாங்கிக் கொடுத்துவிட்டது. சென்னையில் வருஷா வருஷம் நடக்கும் பெரிய சினிமா விருது விழாவுக்கு முன்னால், எந்தப் பிரிவில் யார் ஜெயிப்பார்கள் என்று பட்டியல் எழுதி வாட்ஸ்அப்பில் போடுவாள். பதினைந்தில் பன்னிரண்டு பெயராவது சரியாக இருக்கும். போட்டியில் இருக்கும் படங்களைத் தியேட்டரில் போய்ப் பார்க்காமல் ஒரு பெயரும் எழுதமாட்டாள்.

போன வருஷம் அந்தப் போட்டியில் அவள் தம்பி செல்வகுமாரின் பெயரும் வந்தது. ஒலியமைப்புப் பிரிவு. ஒன்பது வருஷம் சென்னையில் யார் யாரிடமோ உதவியாளனாக இருந்து, முதல் முறையாகத் தன் பெயரில் செய்த படம். எதைச் செய்தாலும் அந்தச் சத்தத்தில் ஒரு துண்டை அக்காவுக்கு அனுப்பிவிடுவான். அவள் நன்றாயில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி செய்வான்.

கலைமதி ஐந்து படங்களையும் பார்த்தாள். தம்பியின் படத்தில், அவன் அவளுக்கு அனுப்பியிராத கடைசிக் காட்சியில், மழைச் சத்தம் பேச்சையெல்லாம் விழுங்கிவிட்டது. இன்னொரு படத்தில், நடுக்கடலில் படகு மோட்டார் நின்றதும் வந்த அமைதியில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. ஜெயிக்கப்போவது அதுதான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பட்டியல் எழுதும்போது அந்தப் படத்தின் பெயரை எழுத மனசு வரவில்லை. ஒலியமைப்புக்கு எதிரே தம்பி பெயரை எழுதிப் போட்டுவிட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் அவன் கூப்பிட்டான். "அக்கா, மெய்யாவா? நீயே எழுதிட்டியா?"

"ஆமாண்டா."

"அப்ப சரி. இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தேன்."

அப்பா பச்சைமுத்துவுக்குத் திண்டிவனம் பக்கத்து வல்லத்தில் விவசாயம். மகன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறவர், இப்போது உரக்கடையில் நின்று சொன்னார்: "எம்பொண்ணு எழுதிட்டா. அவ எழுதினா தப்பாதுங்க."

விழா அன்று சாயங்காலம் வல்லத்து வீட்டில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். அம்மா கெங்கம்மாள் எல்லாருக்கும் கேசரி கிளறியிருந்தாள். நிறுத்தச் சொல்ல கலைமதிக்கு வாய் வரவில்லை. டிவி பக்கத்திலேயே நின்றாள்.

ஏழு மணிக்கெல்லாம் ஒலியமைப்பு வந்தது. படகுப் படத்தின் பெயரைச் சொன்னார்கள். கேமரா ஒரு நொடி செல்வகுமாரைக் காட்டியது. எழுந்து போகத் தயாராக நாற்காலி நுனிக்கு வந்திருந்தவன், அப்படியே கைதட்டினான். அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் செல்வகுமார் திண்டிவனம் வந்து, பரிசோதனை நிலைய வாசலில் நின்றான்.

"நீ மெய்யாலுமே யாருன்னு நெனச்ச?"

அவனிடம் இன்னொரு முறை பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "படகுப் படம்" என்றாள்.

"எதனால?"

"உன் படத்துல மழ ஜாஸ்தி. பேசறதே கேக்கல."

அவன் தலையை ஆட்டினான். "ஊர்ல எல்லாரும் நல்லாக்குதுன்னாங்க. நான் நம்பல. நீ சொன்னதும் நம்பிட்டேன். தோத்தது பரவால்லக்கா. இனிமே நீ நல்லாக்குதுன்னா நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான்டா..."

"கஷ்டம் இல்லாமயா போச்சு?"

டீ குடிக்கக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டான். அதன் பிறகு பொங்கலுக்கு வந்தான், பேசினான், அக்கா என்றுதான் கூப்பிட்டான். ஆனால் ஒரு வருஷமாக ஒரு சத்தத் துண்டும் அனுப்பவில்லை. அவளாகக் கேட்டால், "இன்னும் முடியலக்கா" என்பான்.

இந்த வருஷம் அவள் பட்டியல் எழுதவில்லை. அவனுடைய அடுத்த படம் விழுப்புரத்தில் ஓடுகிறது என்று தெரிந்து, லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தாள். வெளியே வந்ததும் ஃபோன் போட்டாள்.

"படம் பாத்தேன். மொத பாதி நல்லாக்குது. இடைவேளைக்கப்புறம் அந்த ரயில் சத்தம் ஒட்டவே இல்லடா."



"சரி, வேலையா இருக்கேன். வச்சிடறேன்க்கா" என்றான்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த முறை உண்மையையாவது சொன்னோமே என்று நினைத்துக்கொண்டாள். மனசு ஆறவில்லை.